சிறு வள்ளத்திற்கு இரு கருவிகள்



சிறிய மீன்பிடி வள்ளம் ஒன்றுக்கு வழிகாட்டும் கருவியையும் மீன்காட்டும் கருவியையும் எவ்வாறு தேர்ந்து வாங்குவது என்பதே இன்றைய பேச்சின் பொருள். கடலோரத்து மக்களுக்குரிய இப்பொருளை, கடலையே காணாத மலைநாட்டு நோர்வூட்டை மனத்திற் கொண்டு பேசுவானேன் என்று சிலர் வினவக்கூடும். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது காரணம் பழையது. நோர்வூட்டிலிருந்து மஸ்கெலியா வழியாகச் செல்லும் சாலை சிவனொளிபாதமலையின் அடிவாரத்தை அடைகிறது. 2,243 மீற்றர் உயரமுள்ள அந்த மலை, யாத்திரிகருக்குப் புனிதத் தலமாக இருந்தது போலவே, மாலுமிகளுக்குத் திசைகாட்டும் அடையாளமாகவும் இருந்தது. 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த அரபுலகப் பயணி இபின் பதூதா, இம்மலையைக் கடலிலிருந்தே கண்டதாக எழுதி வைத்திருக்கிறார். பூமியின் வளைவைக் கணக்கிட்டுப் பார்த்தால், வானம் தெளிந்திருக்கும் நாளில் அச்சிகரம் ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தொலைவு வரையில் கண்ணுக்குத் தென்படக்கூடியது. மேற்குக் கரைக்கும் சிகரத்துக்கும் இடையே ஏறக்குறைய 60 கிலோமீற்றர் என்பதால், கரையிலிருந்து நூறு கிலோமீற்றர் வெளியே நின்ற கப்பலுக்கும் அது ஒரு கைகாட்டி மரமாக விளங்கியிருக்கும். ஆகவே வழிகாட்டும் கருவி என்ற எண்ணம் மலைநாட்டிற்கு அந்நியமானதன்று.

இரண்டாவது காரணம் அண்மையது. நோர்வூட்டின் பக்கமாக ஓடும் கெசல்கமுவ ஓயாவை மறித்துக் கட்டப்பட்ட காசல்ரீ நீர்த்தேக்கம் 1965ஆம் ஆண்டிலும், மஸ்கெலியா ஓயாவை மறித்த மவுசாக்கலை நீர்த்தேக்கம் 1969ஆம் ஆண்டிலும் நிறைவெய்தின. மின்சாரத்திற்காக எழுந்த இந்த அணைகள், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அகன்ற நீர்ப்பரப்புகளை உண்டாக்கின. நீர் உள்ள இடத்தில் மீன் உண்டு; மீன் உள்ள இடத்தில் வலையும் வள்ளமும் உண்டு. 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும், கெண்டை இன மீன்களும் உள்நாட்டு நீர்நிலைகளில் மீன்பிடிப்போருக்குத் துணைபுரிந்து வருகின்றன. எனவே கடல் மீனவர் கேட்கும் அதே கேள்வியை நீர்த்தேக்கத்து மீனவரும் கேட்கலாம். ஆனால் இருவருக்கும் விடை ஒன்றன்று. விடை ஏன் வேறுபடுகிறது என்று விளங்கிக்கொண்டால், எந்த வள்ளத்துக்கும் எது வேண்டும் என்பதைத் தாமே தீர்மானித்துக்கொள்ள முடியும்.

கடைக்குச் செல்லுமுன் ஓர் அடிப்படையை உணர்ந்துகொள்ள வேண்டும். இவை இரண்டும் இரு வேறு வினாக்களுக்கு விடை தருகின்றன. சார்ட் பிளாட்டர் எனப்படும் வரைபடக் கருவி, "நான் எங்கே நிற்கிறேன்?" என்ற வினாவுக்கு விடை கூறுகிறது. பிஷ் பைண்டர் எனப்படும் மீன்காட்டும் கருவி, "என் காலின் கீழ் என்ன இருக்கிறது?" என்ற வினாவுக்கு விடை கூறுகிறது. நம் முன்னோர் முதல் வினாவுக்குக் கரையிலுள்ள கோபுரத்தையும் குன்றையும் பனைமரத்தையும் இணைத்துப் பார்த்து விடை கண்டனர். இரண்டாம் வினாவுக்குக் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி, இத்தனை பாகம் என்று ஆழம் அளந்தனர். ஒரு பாகம் என்பது விரித்த கைகளின் அளவு. ஏறத்தாழ 6 அடி. இன்றைய கருவிகள் அந்தக் கண்ணுக்கும் அந்தக் கயிற்றுக்கும் பதிலாக வந்தவையே.

முதலில் வரைபடக் கருவியைப் பார்ப்போம். இதன் உயிர் ஜி.பி.எஸ். என்ற செய்மதி முறையில் இருக்கிறது. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகள், தாம் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் இடைவிடாது அறிவித்துக்கொண்டிருக்கின்றன. அந்த அறிவிப்பு வந்து சேர எடுத்த காலத்தைக் கொண்டு, ஒவ்வொரு செய்மதியும் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கருவி கணக்கிடுகிறது. இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று செய்மதிகள் போதுமே, நான்காவது எதற்கு என்று தோன்றலாம். நம் கையிலுள்ள கருவியின் கடிகாரம் செய்மதியின் அணுக் கடிகாரத்தைப் போன்று துல்லியமானதன்று. ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரத்தில் 300 மீற்றர் பிசகிவிடும். அந்தக் கடிகாரப் பிழையைத் திருத்துவதற்கே நான்காவது செய்மதி வேண்டியிருக்கிறது.

அமெரிக்க இராணுவத்துக்காக உருவான இம்முறை 1995ஆம் ஆண்டில் முழுமையாக இயங்கத் தொடங்கியது. தொடக்கத்தில் பொதுமக்களுக்குக் கிடைத்த குறிப்பில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டிருந்தது. நூறு மீற்றர் அளவுக்கும் இடம் தவறும். 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்தக் கலப்பு நிறுத்தப்பட்டது. இன்று ருசியாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகிய செய்மதிக் கூட்டங்களும் உள்ளன. திறந்த வானத்தின் கீழே பத்து மீற்றருக்குள் இடத்தைக் காட்டுவது சாதாரணக் கருவிகளுக்கும் எளிதாகிவிட்டது. மூடுபனி இதற்குத் தடையன்று. கண்ணை மறைக்கும் பனி செய்மதியின் குரலை மறைப்பதில்லை. செங்குத்தான மலைச்சரிவுதான் வானத்தின் ஒரு பகுதியை மறைத்துச் சில செய்மதிகளை இல்லாமற் செய்யும்.

இங்கே ஒரு நுட்பத்தை மறக்கலாகாது. கருவி காட்டும் இடம் வேறு. அந்த இடத்தின் கீழே திரையில் விரியும் படம் வேறு. இடத்தைச் செய்மதி தருகிறது. படத்தையோ, என்றோ ஒரு நாள் கடலை அளந்த மனிதர் தந்திருக்கிறார். அளவெடுத்த பின்னர் மணல்மேடு நகர்ந்திருக்கலாம், கப்பல் மூழ்கியிருக்கலாம். இடம் பத்து மீற்றருக்குள் சரியாக இருந்தும், பாறை படத்தில் இல்லாதிருந்தால் வள்ளம் மோதத்தான் செய்யும். ஆதலால் வாங்குமுன் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "இக்கருவியில் எந்தப் பகுதியின் வரைபடம் இருக்கிறது?" என்பதே. வேறொரு கண்டத்தின் கரைகளை விரிவாகக் காட்டி, இலங்கையை வெறும் கோடாகக் காட்டும் கருவிகள் சந்தையில் உண்டு. அவற்றுக்கு இந்து சமுத்திரப் படம் அடங்கிய அட்டையைத் தனியே விலைகொடுத்து வாங்க வேண்டும். கருவியின் விலையோடு அட்டையின் விலையையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்த பின்னரே மலிவு எது, விலையுயர்ந்தது எது என்று கூற முடியும்.

இரண்டாவது எச்சரிக்கை எண்களைப் பற்றியது. இடத்தைக் குறிக்கும் எண்களைப் பாகை, கலை என்றும் எழுதலாம். பாகையின் தசமமாகவும் எழுதலாம். நோர்வூட் வடக்கு 6 பாகை 50 கலையில் இருக்கிறது. இதைத் தசமமாக எழுதினால் 6.83 ஆகும். ஆனால் 50 என்ற எண்ணைக் கண்டு 6.50 என்று கருவிக்குக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? 6.50 என்பது 6 பாகை 30 கலை. இருபது கலை வேற்றுமை. ஒரு கலை ஒரு கடல்மைல். ஒரு கடல்மைல் 1,852 மீற்றர். ஆக, 37 கிலோமீற்றர் தெற்கே சென்று, நோர்வூட்டைத் தேடியவர் இறக்குவானைப் பக்கத்து மலைகளில் நிற்பார். தரையில் இது நகைப்புக்கிடமான தவறு. கடலிலோ, ஆபத்தில் சிக்கிய வள்ளம் தன் இடத்தை இப்படித் தவறாகச் சொன்னால், உதவிக்கு வரும் கப்பல் வெறுங்கடலைத்தான் காணும். கருவி எந்த முறையில் எண்ணைக் காட்டுகிறது என்பதை வாங்கிய அன்றே அறிந்து, வள்ளத்தில் ஏறும் அனைவரும் ஒரே முறையைப் பின்பற்றுவது உயிர்காக்கும் பழக்கம்.

வடபகுதிக் கடலில் தொழில் செய்வோருக்கு வரைபடக் கருவி இன்னொரு வகையிலும் இன்றியமையாதது. 1974, 1976 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே கடல் எல்லை வகுக்கப்பட்டது. அலைமீது அந்தக் கோடு தெரிவதில்லை, திரையில்தான் தெரியும். இரவில் வலையை விரித்து, இயந்திரத்தை நிறுத்தி, மீனவர் கண்ணயரும்போது நீரோட்டம் உறங்குவதில்லை. மணிக்கு ஒன்றரைக் கடல்மைல் வேகத்தில் நீர் இழுத்தால், ஆறு மணி நேரத்தில் வள்ளம் ஒன்பது கடல்மைல் நகர்ந்துவிடும். குறித்த எல்லையைத் தாண்டினால் மணியடித்து எழுப்பும் வசதி பல கருவிகளில் உண்டு. சிறைவாசமும் வள்ளத்தை இழப்பதும் நேரக்கூடிய நீர்ப்பரப்பில், அந்த மணியோசை திரையின் வண்ணங்களைக் காட்டிலும் பெறுமதி வாய்ந்தது.

வரைபடக் கருவியைக் கண்காணிப்புக் கருவியோடு குழப்பிக்கொள்ளலாகாது. இலங்கையின் மீன் ஏற்றுமதிக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடை 2015ஆம் ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்கு வந்து, 2016ஆம் ஆண்டு ஜூனில் நீங்கியது. அந்தக் காலத்தில்தான் ஆழ்கடலில் பல நாள் தங்கும் படகுகளில் செய்மதிக் கண்காணிப்புக் கருவிகள் பெருமளவில் பொருத்தப்பட்டன. அவை படகு இருக்குமிடத்தை அதிகாரிகளுக்கு அறிவிப்பவை. சார்ட் பிளாட்டரோ படகோட்டிக்கு மட்டும் அறிவிப்பது. ஒன்று இருப்பதால் மற்றது தேவையில்லை என்று கொள்வது பொருந்தாது.

இனி மீன்காட்டும் கருவிக்கு வருவோம். கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் எதிரொலி வருகிறதல்லவா? இதன் தத்துவம் அதுவே. 1912இல் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கிய பின்னர், நீருக்குள் இருப்பதை ஒலியால் அறியும் முயற்சிகள் விரைவுபெற்றன. செருமனியரான அலெக்சாந்தர் பெம் 1913இல் எதிரொலியால் ஆழம் அளக்கும் முறைக்கு உரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், ஜப்பானின் நாகசாகி மாவட்டத்தைச் சேர்ந்த புருனோ சகோதரர்கள் 1948ஆம் ஆண்டில் இதனை மீனவர் கையாளும் கருவியாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தனர். போர்க்கப்பலின் காது இவ்வாறு வள்ளக்காரனின் கண்ணாயிற்று.

படகின் அடியில் இருக்கும் டிரான்ஸ்டியூசர் என்ற சிறு குமிழ், காதுக்குக் கேளாத ஒலித்துடிப்பை நீருக்குள் அனுப்புகிறது. ஒலி நீரில் செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் வேகத்தில் செல்லும். எதிரொலி ஒரு செக்கனின் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தில் திரும்பினால், அது போய் வந்த தூரம் 30 மீற்றர். ஆகவே ஆழம் 15 மீற்றர், அதாவது ஏறத்தாழ 8 பாகம். மீனின் வயிற்றுக்குள் காற்றுப்பை ஒன்று உண்டு. நீரிலிருந்து மிகவும் வேறுபட்ட பொருளாகிய காற்றில் ஒலி நன்றாகத் தெறிக்கிறது. திரையில் தெரியும் வில் போன்ற வளைவு பெரும்பாலும் அந்தக் காற்றுப்பையின் எதிரொலிதான். காற்றுப்பை இல்லாத மீன்களும் உள்ளன. சூரை இனத்தில் வயிற்றில் வரிகளையுடைய வகைக்கு அது இல்லை. அத்தகைய மீன்கள் கூட்டமாகச் சென்றாலும் திரையில் மங்கலாகவே தெரியும். திரை வெறுமையாக இருப்பதனால் கடலும் வெறுமையாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

மற்றொன்றும் அறியத்தக்கது. திரையில் தெரிவது ஒரு நிழற்படமன்று. வலது ஓரத்தில் இருப்பது மட்டுமே இந்தக் கணத்துச் செய்தி. இடப்பக்கமாக நகர்ந்து செல்வதெல்லாம் கடந்துபோன செய்தி. திரையின் நடுவில் மீன் தெரிகிறதென்று அங்கே தூண்டிலை இறக்குபவர், நேற்றைய பத்திரிகையைப் படித்து இன்றைய சந்தைக்குப் போகிறவரை ஒப்பர். அந்த மீன் வள்ளத்தின் பின்புறத்தில் எங்கோ நிற்கிறது, நிற்குமாயின்.

ஒலிக்கற்றை கீழே செல்லச் செல்லக் கூம்பைப் போல விரிகிறது. இதில்தான் தேர்வுக்கான திறவுகோல் அடங்கியுள்ளது. இருபது பாகை விரிவுள்ள கற்றையை எடுத்துக்கொள்வோம். அது அடியில் காணும் வட்டத்தின் விட்டம், ஆழத்தில் மூன்றிலொரு பங்கிற்குச் சற்று மேலாக இருக்கும். அறுபது அடி ஆழத்தில் 21 அடி அகலத்தைப் பார்க்கும். ஆறடி ஆழத்திலோ இரண்டடி அகலத்தைத்தான் பார்க்கும். ஆறடி நீரில் இரண்டடி வட்டத்துக்குள் மீனைத் தேடுவது, வீட்டின் சாவித்துவாரத்தின் வழியே திருவிழாவைப் பார்ப்பது போலாகும். ஆகவே கரையோரத்து ஆழமற்ற நீரில் வலைபோடுவோர், மீனைக் கண்டுபிடிக்கும் நோக்கத்தோடு இக்கருவியை வாங்கினால் ஏமாற்றமே அடைவர். அவர்களுக்கு இது ஆழமானி; அடித்தரை வழுவழுப்பானதா கரடுமுரடானதா என்று சொல்லும் தோழன். அந்த அளவில் இதன் உதவி பெரிது.

கருவிகளில் 50 கிலோஹேட்ஸ், 200 கிலோஹேட்ஸ் என்று இரண்டு எண்களைக் காண்பீர்கள். தாழ்ந்த எண் ஆழம் செல்லும், அகலமாகப் பார்க்கும், நுணுக்கம் குறைவு. உயர்ந்த எண் நுணுக்கமாகப் பார்க்கும், ஆழம் குறைவு. நீர்த்தேக்கத்துக்கும் கரையோரக் கடலுக்கும் 200 போதுமானது. நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் தூண்டில் இறக்குவோருக்கே 50 வேண்டும். சேர்ப் என்ற புதிய முறை பல அதிர்வெண்களைத் தொடர்ச்சியாக அனுப்பி, அடுத்தடுத்து நிற்கும் மீன்களைப் பிரித்துக் காட்டுகிறது. விலை இடங்கொடுத்தால் அது நல்லது. இல்லையேல் அதற்காகக் கடன்படத் தேவையில்லை.

இப்பொழுது காசல்ரீயில் துடுப்பு வலித்துச் செல்லும் சிறு வள்ளத்தை எண்ணிப் பார்ப்போம். அதற்கு வரைபடக் கருவி தேவையா? கடற்படங்களில் காசல்ரீயின் ஆழம் இல்லை. எவ்வளவு விலையுயர்ந்த கருவியை வாங்கினாலும், அங்கே அது வெற்று நீல நிறத்தையே காட்டும். ஆனால் தேயிலை மலைகளுக்கு இடையே கைவிரல்களைப் போலக் கிளைத்துச் செல்லும் அந்த நீர்ப்பரப்பில், திடீரென மூடுபனி இறங்கினால் எந்தக் கிளை வீட்டுக்குச் செல்வது என்பது தெரியாது போகும். வந்த வழியைப் பதிந்துவைத்துத் திரும்பிக் காட்டும் வசதி மட்டும் போதும். அதனை ஒரு சிறு கைக்கருவியோ, படத்தை முன்கூட்டியே இறக்கிவைத்த கைத்தொலைபேசியோ செய்துவிடும். தொலைபேசிக்குச் சமிக்ஞை கிடையாத இடத்திலும் அதன் ஜி.பி.எஸ். இயங்கும். தண்ணீர் புகாத உறையும், கழுத்திலிட ஒரு கயிறும் இருந்தாற் போதும். இந்த வள்ளத்துக்குப் பணம் செலவிடத்தக்கது இரண்டாவது வினாவில்தான்: காலின் கீழ் என்ன இருக்கிறது?

ஏனெனில் இந்நீர்த்தேக்கங்களின் அடியில் இருப்பது கடலடி மணலன்று. மனிதர் வாழ்ந்த நிலம். மவுசாக்கலையின் கீழே பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கிக் கிடக்கிறது. வறட்சியில் நீர் வற்றும்போது பழைய வழிபாட்டுத் தலங்களின் சிதைவுகள் தலைகாட்டுவதும், மக்கள் திரண்டு சென்று பார்ப்பதும் மலைநாடு அறிந்த செய்தி. சுவரும் மரக்கட்டையும் தேயிலை வேரும் வலையைப் பற்றிக்கொண்டால், அறுந்துபோவது நூல் மட்டுமன்று; ஒரு குடும்பத்தின் பல நாள் வருமானமும் அறுந்துபோகிறது. அறுந்த வலை நீருக்கடியில் கிடந்து, எவருக்கும் பயன்படாமல் மீனைக் கொன்றுகொண்டும் இருக்கும். அத்தகைய இடங்களை முன்கூட்டியே காட்டும் ஆழமானி, பிடித்துத் தரும் மீனைக் காட்டிலும் காத்துத் தரும் வலையினால் தன் விலையைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

எனினும் நீர்த்தேக்கத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. கடலில் நீர்மட்டம் நம் கரைகளில் ஓரிரு அடிதான் ஏறி இறங்கும். நீர்த்தேக்கத்திலோ, தென்மேற்குப் பருவமழையில் வான்கதவுகளைத் தாண்டி வழிந்த நீர், ஆண்டின் முதல் மாதங்களில் பல அடி கீழே போய்விடும். நிறைநீர் நாளில் ஒரு கட்டையின் தலை 12 அடி ஆழத்தில் இருந்ததாகக் குறித்துவைத்தோம் என்று கொள்வோம். மட்டம் 10 அடி இறங்கிய நாளில் அது வெறும் இரண்டடியில் நிற்கும். குறிப்பை மட்டும் நம்பி வருபவர் அதன்மேல் வள்ளத்தை ஏற்றிவிடுவார். ஆகவே ஆழத்தைக் குறிக்கும்போது அன்றைய நீர்மட்டத்தையும் சேர்த்தே குறிக்க வேண்டும். கரையில் அசையாத ஒரு பாறையில் அடிக்கணக்கில் கோடுகள் இட்டு வைத்தால் அதுவே அளவுகோல். "நீர் மேற்கோட்டில் நின்ற நாளில் 12 அடி" என்று எழுதிவைத்தால், எந்த நாளிலும் கழித்துப் பார்த்து உண்மையை அறியலாம். தாம் சென்ற வழியின் ஆழத்தைச் சேர்த்துத் தாமே படம் வரையும் கருவிகளும் இன்று கிடைக்கின்றன. அவற்றுக்கும் இதே விதி பொருந்தும். மட்டத்தைக் குறிக்காமல் வரைந்த படம், தேதியில்லாத கடிதத்தைப் போன்றது.

கடலில் செல்லும் சிறிய கண்ணாடியிழைப் படகின் தேவை வேறு. கரை மறையும் தூரம் சென்று, இரவில் திரும்பும் படகுக்கு இரண்டு வினாக்களும் சம முக்கியமானவை. இரு பணிகளையும் ஒரே திரையில் செய்யும் கூட்டுக் கருவி அதற்கு ஏற்றது. விலையும் இடமும் மின்சாரமும் மிச்சமாகும். ஆனால் அக்கருவி பழுதுற்றால் இரு கண்களும் ஒருங்கே போய்விடும் என்பதை நினைவிற் கொண்டு, திசைகாட்டி ஒன்றையும், துறைமுகத்தின் எண்களை எழுதிய ஒரு தாளையும் கூடவே வைத்திருத்தல் வேண்டும். ஐந்து அங்குலத் திரை கிட்ட இருந்து பார்ப்பவருக்குப் போதும். படத்தையும் எதிரொலியையும் பக்கத்திற் பக்கமாகப் பார்க்க விரும்புவோருக்கு ஏழு அங்குலம் நன்று.

இனி, எந்தக் கருவியை வாங்குவோரும் கடையில் நின்று சோதிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். திரையைக் கடைக்குள் பார்த்து முடிவு செய்யாதீர்கள்; வாசலுக்குக் கொண்டுவந்து நண்பகல் வெயிலில் பாருங்கள். அங்கே தெரியாதது கடலிலும் தெரியாது. நனைந்த விரலால் இயக்கிப் பாருங்கள். தொடுதிரை சில வேளைகளில் நீர்த்துளியையும் விரலென்று எண்ணிவிடும். சிறு படகுக்குப் பொத்தான்கள் உள்ளதே நம்பத்தக்கது. நீர்காப்புக்கு ஐ.பி.எக்ஸ். 7 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மீற்றர் நீரில் அரை மணி நேரம் மூழ்கினாலும் கெடாது என்பது அதன் பொருள். ஆள் கடலில் விழுந்த கணத்தில் அந்த இடத்தைக் குறிக்கும் பொத்தான் எது என்று கேட்டு, அதை இருட்டிலும் தடவிக் கண்டுபிடிக்கப் பழகுங்கள். ஒரு நிமிடத்தில் படகு நூற்றுக்கணக்கான அடி சென்றுவிடும். அலைக்கு நடுவே ஒரு தலையைத் தேடுவோருக்கு அந்தக் குறியைத் தவிர வேறு சான்று இராது.

மின்சாரக் கணக்கையும் பார்த்துவிடுவோம். கயிறிழுத்து இயக்கும் சிறிய இயந்திரத்தில் மின்கலம் இராது. துடுப்பு வள்ளத்திற்குக் கேட்கவே வேண்டியதில்லை. அரை அம்பியர் உண்ணும் சிறு கருவிக்கு, 7 அம்பியர்-மணி மின்கலம் கணக்கின்படி 14 மணி நேரம் வரும். ஆனால் ஈயமின்கலத்தை முழுதும் வடியவிட்டால் அதன் ஆயுள் குறையும். பாதியோடு நிறுத்துவதே முறை. ஆகவே ஏழு மணி நேரம் என்று கொள்ளுங்கள். பெரிய திரை இதைப் போல இரு மடங்கு உண்ணும். மின்கலத்திற்கும் கருவிக்கும் இடையே ஒரு பியூஸ் கட்டாயம் இருக்கட்டும்.

டிரான்ஸ்டியூசரைப் பொருத்துவதில்தான் பலருடைய பணம் வீணாகிறது. அது காற்றுக்குமிழைக் கண்டால் குருடாகிவிடும். படகின் பின்புறத்தில், இயந்திர விசிறியின் நுரைக்கு எட்டாத பக்கத்தில், எப்போதும் நீருக்குள் இருக்குமாறு பொருத்த வேண்டும். இடையே மரமோ நுரைப்பொருளோ இல்லாத முழுக் கண்ணாடியிழை அடித்தளமாயின், படகில் துளையிடாமல் உள்ளிருந்தே ஒட்டலாம். ஒலி அதனை ஊடுருவும். மரத்தோணிக்கும் நடுவில் நுரை வைத்த அடித்தளத்துக்கும் அது பொருந்தாது. துடுப்பு வள்ளத்துக்கு ஒரு கழியின் நுனியில் கட்டிப் பக்கவாட்டில் இறக்கினாலே போதும். மாலையில் கழற்றி வீட்டுக்குக் கொண்டுசெல்லவும் முடியும்.

பழுது பார்க்க ஆள் அருகில் இருக்கிறாரா என்பதும் ஒரு முக்கியக் கேள்வி. ஹட்டனில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் கொழும்புக்குச் செல்ல வேண்டுமாயின், மலிவான கருவி மலிவானதன்று. வடத்தின் முனையிலுள்ள இணைப்பு, உப்பினாலோ ஈரத்தினாலோ பச்சைபிடித்துப்போவதே பெரும்பாலான பழுதுகளுக்குக் காரணம். நாள்தோறும் நன்னீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்துவது, எந்தத் தொழில்நுட்பவியலாளரும் செய்யக்கூடியதை விட மேலான பராமரிப்பு.

சிறு தொழிலாளரின் பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தோட்டத்து வேலையோடு மாலை வேளையில் வலைபோட்டுப் பிழைக்கும் குடும்பம், ஒரு கருவிக்காக வட்டிக்குக் கடன்படுவது விவேகமன்று. செலவின் வரிசை இவ்வாறு அமையட்டும்: முதலில் வள்ளத்திலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு மிதவைச் சட்டை, பின்னர் ஒரு விளக்கும் ஊதுகுழலும், அதன் பின்னரே ஆழமானி, எல்லாவற்றுக்கும் பிறகு வண்ணப்படம். குளிர்ந்த மலைநீரில் கவிழ்ந்தவரைத் திரை காப்பாற்றாது, சட்டைதான் காப்பாற்றும். மேலும், அடித்தரை நாள்தோறும் மாறுவதில்லை. நாலைந்து வள்ளக்காரர் கூடி ஒரே ஆழமானியை வாங்கி, முறைவைத்து எடுத்துச் சென்று, ஒரு பருவத்தில் கட்டைகளும் சுவர்களும் உள்ள இடங்களைக் குறித்து, ஒரே குறிப்பேட்டில் நீர்மட்டத்தோடு எழுதிவைத்தால், அந்த அறிவு அனைவருக்கும் உரிய சொத்தாகும். கருவி பழுதானாலும் ஏடு நிலைக்கும்.

இறுதியாக ஒன்று. பார்க்கும் ஆற்றல் வளரும்போது பிடிக்கும் ஆசையும் வளர்வது இயல்பு. கடல் பெரிது, மனிதன் அதன் எல்லையை உணரக் காலம் செல்லும். நீர்த்தேக்கமோ சிறிது. முட்டையிடக் கூடும் மீன்கூட்டத்தைத் திரையிற் கண்டு அதன்மேல் வலையை இறக்குபவர், அடுத்த ஆண்டின் வலையைத் தாமே வெறுமையாக்குகிறார். மீன் இருக்கும் இடத்தை அறிவது போலவே, அதனை விட்டுவைக்க வேண்டிய காலத்தை அறிவதும் தொழிலறிவே. அந்த இரண்டாவது அறிவை எந்தக் கருவியும் திரையில் எழுதிக் காட்டாது.

ஆகவே, நேயர்களே, கடைக்காரரிடம் எது சிறந்த கருவி என்று கேட்காதீர்கள். என் வள்ளம் வழியை இழக்கும் அபாயம் உடையதா, அடியை இழக்கும் அபாயம் உடையதா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கரை மறையும் கடலுக்குச் செல்பவர் இரண்டுக்கும் பொருள் செலவிடட்டும். கரை மறையாத நீர்த்தேக்கத்தில் செல்பவர் ஓர் எளிய ஆழமானியோடும், ஒரு குறிப்பேட்டோடும், நல்ல மிதவைச் சட்டையோடும் நிறைவு காணட்டும். தேவையை அறிந்து வாங்கிய சிறு கருவி, தேவையை அறியாது வாங்கிய பெருங் கருவியைவிட நெடுங்காலம் உழைக்கும்.